அலர்ட் அடித்த பிறகு என்ன செய்வது? ஆன்-கால் பணிக்குப் புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

இரவு 2.40. அலர்ட் அடிக்கிறது. பணம் செலுத்தும் பக்கத்தில் பிழை விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. ஆன்-கால் பணிக்கு, அதாவது சேவை பழுதானால் எந்த நேரத்திலும் எழுந்து சரிசெய்யும் முறைப் பணிக்கு, புதிதாக வந்தவர் பெரும்பாலும் லாகை (சேவை தானாக எழுதும் பதிவை) திறந்து, ஏன் இப்படி ஆனது என்று தேடத் தொடங்குவார். அரை மணி நேரத்தில் காரணம் பிடிபடலாம். ஆனால் அந்த அரை மணி நேரமும் பயனர்கள் பிழைப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூரை எரியும்போது தேட வேண்டியது தண்ணீரை. பொறி எங்கிருந்து வந்தது என்பதை விடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சேவையை மீட்பது ஒரு வேலை, காரணத்தைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே ஆன்-கால் பணியில் பாதி தேறிவிட்டீர்கள்.

முந்தைய நாளே செய்ய வேண்டியவை

உங்கள் ஆன்-கால் வாரம் தொடங்குவதற்கு முந்தைய நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் ஆக்சஸ். விபிஎன், சர்வர்கள், டாஷ்போர்டு, லாக் தேடும் கருவி, டெப்ளாய் கருவி (புதிய பதிப்பை சர்வரில் ஏற்றுவது), கிளவுடு கணக்கு என்று ஒவ்வொன்றிலும் உண்மையிலேயே உள்ளே போய்ப் பாருங்கள். போன மாதம் வேலை செய்ததே என்று விட்டுவிடாதீர்கள். 2019 ஜூலை 2 அன்று, பல இணையதளங்களின் போக்குவரத்தைத் தாங்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 27 நிமிடம் உலகம் முழுவதும் தடுமாறியபோது, உள் கட்டுப்பாட்டுத் தளத்தை அடிக்கடி பயன்படுத்தாதவர்களின் ஆக்சஸைத் தானாகவே முடக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டால் ஊழியர்கள் சிலர் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே காணாமல் போனது. பழுதாகிப்போன அதே நெட்வொர்க்கை நம்பித்தான் உள் கருவிகளும் இயங்கின. பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போய்த்தான் வேலையைத் தொடங்க முடிந்தது. ஆகவே ரன்புக்கின் (கோளாறு வந்தால் செய்ய வேண்டியதைப் படிப்படியாகச் சொல்லும் கையேட்டின்) ஒரு பிரதியும் குழுவினரின் தொலைபேசி எண்களும் உங்கள் சேவையை நம்பாத ஓரிடத்தில் இருக்கட்டும். மடிக்கணினியில் ஒரு கோப்பாக இருந்தாலே போதும்.

அடுத்து, ஒரு சோதனை அலர்ட் அனுப்பிப் பாருங்கள். கைப்பேசி சைலன்ட்டில் இருக்கும்போதும் அது அடிக்கிறதா? நீங்கள் எடுக்காவிட்டால் எத்தனை நிமிடத்தில் அடுத்தவருக்குப் போகிறது? ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்பதெல்லாம் வழக்கமான இடைவெளிகள்தான். உங்கள் குழுவில் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். சோதனைச் சூழலில் ஒரு ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்புவது) செய்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரோல்பேக் 4 நிமிடத்தில் முடிகிற குழுவும் 40 நிமிடம் எடுக்கிற குழுவும் ஒரே கோளாறில் ஒரே முடிவை எடுக்கக் கூடாது.

கடைசியாக, எந்தச் சிக்கலும் இல்லாத ஒரு சாதாரண நாளில் டாஷ்போர்டைப் பத்து நிமிடம் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கைகள் வருகின்றன, எந்த நேரத்தில் ஏறுகிறது, டேட்டாபேஸ் இணைப்புகள் வழக்கமாக எத்தனை. நல்ல உடம்பின் நாடித்துடிப்பு தெரியாதவருக்குக் காய்ச்சலை அடையாளம் காண முடியாது.

முதல் ஐந்து நிமிடம்

1. அலர்ட்டை ஏற்றுக்கொண்டதாகக் குறியுங்கள். 'பார்க்கிறேன்' என்று குழுவின் சாட்டில் ஒரு வரி போடுங்கள். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே சர்வரில் கை வைப்பதை இந்த ஒரு வரி தடுக்கும்.

2. பயனருக்கு உண்மையிலேயே பாதிப்பு உண்டா என்று பாருங்கள். நீங்களே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். ஆனால் உங்கள் ஒரு முயற்சி நடந்துவிட்டதால் எல்லாருக்கும் நடக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். பத்து சர்வரில் ஒன்று கெட்டிருந்தால் உங்கள் கோரிக்கை நல்ல சர்வருக்குப் போயிருக்க வாய்ப்பு பத்தில் ஒன்பது.

3. நான்கு அளவுகளைப் பாருங்கள்: பதில் வரும் நேரம், வரும் கோரிக்கைகளின் எண்ணிக்கை, பிழை விகிதம், வளங்கள் எந்த அளவு நிரம்பியிருக்கின்றன என்பது. பதில் நேரத்தில் சராசரியை நம்ப வேண்டாம், 99-ஆவது சதமானத்தை, அதாவது நூறில் 99 அழைப்புகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்பதைப் பாருங்கள். நூறில் ஒரு அழைப்புதான் மெதுவாக இருக்கிறது என்றால் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒரு பக்கம் திறக்க 20 உள் அழைப்புகள் தேவைப்பட்டால், ஏறக்குறைய 18 சதவீதப் பக்கங்கள் அந்த மெதுவான அழைப்பில் மாட்டிக்கொள்ளும்.

4. கடைசியாக எது மாறியது என்று கேளுங்கள். டெப்ளாய், கான்ஃபிக் (சேவையின் அமைப்புகள்), ஃபீச்சர் ஃபிளாக் (ஒரு வசதியை மட்டும் இயக்கவோ அணைக்கவோ உதவும் சுவிட்ச்), டேட்டாபேஸ் மாற்றம், சான்றிதழ் (தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் பாதுகாப்புக் கோப்பு), புதிதாகத் தொடங்கிய பெரிய வேலை. பிழை ஏறத் தொடங்கிய நிமிடத்தையும் கடைசி மாற்றம் நடந்த நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெப்ளாய் நேரங்களை வரைபடத்தின் மேலேயே செங்குத்துக் கோடாகக் காட்டும் டாஷ்போர்டு இருந்தால் இந்த வேலை பத்து வினாடியில் முடியும். இல்லாவிட்டால் அதை அமைக்கச் சொல்லி முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

5. தீவிரத்தை முடிவு செய்து அறிவியுங்கள். பல குழுக்களில் வழங்கும் பிரிவு இதுதான். முக்கியமான ஒரு வேலையைப் பெரும்பாலான பயனர்களால் செய்ய முடியவில்லை, அல்லது தரவு அழிகிறது, கசிகிறது என்றால் செவ்-1, அதாவது முதல் நிலைத் தீவிரம். ஒரு பகுதியினருக்கு மட்டும் பாதிப்பு, அல்லது நடக்கிறது ஆனால் தாங்க முடியாத மெதுவு என்றால் செவ்-2. பயனர் கண்ணில் படாதது செவ்-3. அதற்காக யாரையும் எழுப்ப வேண்டாம். ஒன்றா இரண்டா என்று சந்தேகம் வந்தால் ஒன்று என்றே அறிவியுங்கள். பிறகு இறக்கிக்கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை. தாமதமாக ஏற்றினால் வர வேண்டிய ஆட்கள் தாமதமாகத்தான் வருவார்கள்.

பிழை எண்களே ஓரளவு வழி காட்டும். 502 என்றால் முன்னால் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் புராக்சிக்குப் பின்னாலுள்ள சர்வரிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை. பெரும்பாலும் அங்கே இயங்கும் நிரல் (புராசஸ்) விழுந்திருக்கும். 504 என்றால் அது உயிரோடு இருக்கலாம், நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை. அதற்கும் பின்னால் உள்ள டேட்டாபேஸையோ வெளிச் சேவையையோ பாருங்கள். 429 என்றால் எங்கோ ஒரு வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். கன்டெய்னர் (தனியாக அடைத்து இயக்கப்படும் நிரல்) 137 என்ற எண்ணோடு நின்றிருந்தால் அதை யாரோ வலுக்கட்டாயமாக நிறுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் நினைவக வரம்பைத் தாண்டியதால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலே நிறுத்தியிருக்கும்.

யார் எந்த வேலையைப் பார்ப்பது

செவ்-1 என்றால் தனியாகப் போராடாதீர்கள். பொறுப்புகளைப் பிரிக்கும் வழக்கத்தை மென்பொருள் உலகம் தீயணைப்பு வீரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1970-இல் கலிஃபோர்னியாவில் பரவிய பெருங்காட்டுத்தீக்களின்போது பல துறைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் திணறின. அதன் விளைவாக உருவானதுதான் இன்சிடென்ட் கமாண்ட் என்ற, சம்பவத்தை (இன்சிடென்ட்டை) வழிநடத்தும் முறை.

மூன்று பேர் இருந்தால் போதும். இன்சிடென்ட் கமாண்டர் முடிவெடுப்பவர். அவர் கீபோர்டைத் தொடக் கூடாது. இரண்டாமவர் சர்வரில் கை வைப்பவர். மாற்றங்களை அவர் மட்டுமே செய்வார், செய்வதற்கு முன் சொல்வார். மூன்றாமவர் வெளியே தகவல் சொல்பவர்; நேரத்தோடு குறிப்பு எடுக்கும் வேலையும் அவருடையது. கமாண்டர் பதவியில் மூத்தவராக இருக்க வேண்டியதில்லை. இன்சிடென்ட் நடக்கும்வரை மேலாளரும் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இதை முன்கூட்டியே பேசி வைக்காத குழுவில், மேலாளர் உள்ளே வந்து 'எப்போது சரியாகும்?' என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார். வேலை செய்ய வேண்டியவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

பொறுப்பைக் கைமாற்றும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'இப்போதிலிருந்து நீங்கள் கமாண்டர், சரியா?' அவர் 'சரி, நான் எடுத்துக்கொண்டேன்' என்று சொல்லும்வரை பொறுப்பு உங்களுடையதுதான். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் ஆளை மாற்றுங்கள். தூக்கமில்லாதவர் கையில் அழிக்கும் கட்டளையைக் கொடுக்கக் கூடாது.

மீட்கும் வழிகள், அவற்றுக்குள் இருக்கும் பொறிகள்

ரோல்பேக்தான் முதல் ஆயுதம். அலர்ட்டுக்குச் சற்று முன்பு டெப்ளாய் நடந்திருந்தால், அந்த மாற்றத்துக்கும் இந்தப் பிழைக்கும் சம்பந்தமே இருக்காது என்று அதை எழுதியவர் சொன்னாலும், திருப்பிவிடுங்கள். சம்பந்தமில்லை என்று தெரியவந்தால் மீண்டும் டெப்ளாய் செய்வது எளிது. சிக்கல் உள்ள ஒரு வரியை அவசரமாகத் திருத்தி முன்னோக்கிப் போகிறேன் என்பது இரவு மூன்று மணிக்கு எடுக்கக்கூடிய முடிவல்ல. அந்தத் திருத்தத்தை யாரும் சோதித்திருக்கவில்லை. பழைய பதிப்பு நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்தது.

ரோல்பேக் ஆபத்தாகும் இடங்களும் உண்டு. டேட்டாபேஸின் வடிவம் மாறியிருந்தால் பழைய கோடுக்கு, அதாவது நிரலுக்கு, புதிய அட்டவணை புரியாது. இதனால்தான் அட்டவணை மாற்றங்களைப் படிப்படியாகச் செய்கிறார்கள்: முதலில் புதிய நெடுவரிசையைச் சேர்ப்பது, பிறகு இரண்டிலும் எழுதுவது, பிறகு புதியதிலிருந்து படிப்பது, சில வாரங்கள் கழித்துப் பழையதை நீக்குவது. ஒவ்வொரு படியிலிருந்தும் ஒரு படி பின்னால் போக முடியும்.

இன்னொரு ஆபத்து, என்ன நடக்கிறது என்று தெரியாமல் பாதியைத் திருப்புவது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 8 சர்வர்களில் ஒன்றில் புதிய கோடைப் போட மறந்துவிட்டது. அந்த ஒன்றில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய கோடு விழித்துக்கொண்டு தவறான ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது. குழு என்ன செய்தது தெரியுமா? சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை நீக்கியது. இப்போது எட்டுமே தவறான ஆர்டர்களை அனுப்பின. ஏறக்குறைய 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் போனது. அன்று செய்திருக்க வேண்டியது ஆர்டர் அனுப்புவதையே நிறுத்துவது. சேவையை நிறுத்துவதும் ஒரு மீட்பு வழிதான். தவறான வேலையைச் செய்துகொண்டிருக்கும் சேவையைவிட நின்றுபோன சேவை பல நேரம் நல்லது.

ஃபீச்சர் ஃபிளாக் இருந்தால் ரோல்பேக்கைவிட வேகம். கிளவுட்ஃபிளேரின் 2019 சம்பவத்தில் பாதுகாப்பு அடுக்கில் இருந்த ஒரே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையில் ஒரு வடிவத்தைத் தேடும் விதி) உலகம் முழுவதும் சிபியுவை 100 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. அந்தப் பாதுகாப்பு அடுக்கை மொத்தமாக அணைக்கும் சுவிட்ச் அவர்களிடம் இருந்தது. அதைப் போட்டதும் போக்குவரத்து மீண்டது. உங்கள் சேவையில் அப்படி அணைக்கக்கூடியவை எவை என்று ரன்புக்கில் பட்டியல் இருக்க வேண்டும்: பரிந்துரைகள், தேடல் முன்னூகம், அறிக்கை தயாரிப்பு போன்றவை.

ரீஸ்டார்ட் எல்லாரும் கையில் எடுப்பது. செய்யலாம், ஆனால் முதலில் ஒரு நிமிடம் செலவழித்து த்ரெட் டம்ப்பையும் (அந்த நொடியில் நிரல் என்ன செய்துகொண்டிருந்தது என்ற பதிவு) கடைசி லாக் வரிகளையும் எடுத்து வையுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சாட்சியம் அழிந்துவிடும், நாளை அதே கோளாறு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. எல்லா சர்வரையும் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். நினைவகத்திலுள்ள கேஷ் (அடிக்கடி கேட்கப்படும் தரவின் நகல்) ஒட்டுமொத்தமாகக் காலியாகி, அதுவரை கேஷ் தாங்கிய சுமை முழுவதும் டேட்டாபேஸ் தலையில் விழும். ஒன்றை ரீஸ்டார்ட் செய்து, அது சீரானதைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சர்வர்களைக் கூட்டுவது எப்போதும் உதவாது. கணக்கு போட்டுப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் இயல்பான அமைப்பில் ஒரே நேரத்தில் 100 இணைப்புகள்தான். ஒவ்வொரு சர்வரும் 20 இணைப்புகள் வைத்துக்கொண்டால் ஐந்தாவது சர்வரிலேயே நிரம்பிவிடும். மெதுவாக இருக்கிறதே என்று பத்து சர்வராக்கினால் 200 இணைப்புகள் கேட்டு, பாதி சர்வர்கள் பிழையைத்தான் கொடுக்கும். நெரிசல் எங்கே என்று தெரிந்த பிறகே கூட்டுங்கள்.

ரீட்ரை (தோற்ற அழைப்பை மீண்டும் முயல்வது) என்பது தனி அத்தியாயத்துக்கு உரியது. ஒரு அடுக்கு தோற்றால் மொத்தம் மூன்று முறை முயலும், அதற்குக் கீழே உள்ளதும் மூன்று முறை, அதற்கும் கீழே மூன்று முறை என்றால், பயனரின் ஒரு சொடுக்கு டேட்டாபேஸில் 27 கேள்விகளாக விழும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் டேட்டாபேஸ் எழுந்திருக்கவே முடியாது. மூலக் காரணத்தைச் சரிசெய்த பிறகும் சேவை மீளாமல் கிடக்கிறதென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அப்போது வரும் கோரிக்கைகளில் ஒரு பகுதியை வாசலிலேயே திருப்பி அனுப்பி, 10 சதவீதம், 25, 50 என்று மெல்லத் திறந்துவிட வேண்டும். நிரந்தர மருந்து: ஒரே ஒரு அடுக்கில் மட்டும் ரீட்ரை வைப்பது, முயற்சிகளுக்கு இடையே 1, 2, 4, 8 வினாடி என்று இரட்டிப்பாக்குவது, எல்லாரும் ஒரே நொடியில் திரும்பி வராதபடி அந்த இடைவெளியில் கொஞ்சம் சீரற்ற நேரத்தைக் கலப்பது.

டிஸ்க் நிரம்பிவிட்டது என்றால் பெரிய லாக் கோப்பை அழிக்கத் தோன்றும். அந்தக் கோப்பை ஒரு புராசஸ் இன்னும் திறந்து வைத்திருந்தால், பெயர் மறையுமே தவிர இடம் திரும்பாது. கோப்பை அழிக்காமல் அதன் உள்ளடக்கத்தைப் பூஜ்யமாக்குங்கள். இடம் இருந்தும் எழுத முடியவில்லை என்றால் ஐநோடுகள் (கோப்புக்கு ஒன்றாக டிஸ்க்கில் ஒதுக்கப்படும் பதிவுகள்) தீர்ந்துவிட்டனவா என்று பாருங்கள்; லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் இருக்கும் இடத்தில் இது நடக்கும்.

எந்த வழியானாலும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். செய்து, இரண்டு மூன்று நிமிடம் வரைபடத்தைப் பார்த்து, பிறகு அடுத்தது.

அழிக்கும் கட்டளைக்கு முன்

2017 ஜனவரி 31 இரவு, கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேபில் நடந்ததைப் புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். துணை டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க வேண்டிய டைரக்டரியை, நீண்ட நேரம் போராடிய ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு வினாடியில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பை எடுக்கப் போனால் அதுவும் இல்லை: பேக்கப் கருவியின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்தது, தோற்றதைச் சொன்ன மின்னஞ்சல்களைப் பெறுநர் பக்கம் நிராகரித்துக்கொண்டே இருந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையின் நகல்) காப்பாற்றியது. இதை அவர்கள் மறைக்காமல் மீட்பு வேலையை நேரலையிலேயே காட்டினார்கள். அந்த நேர்மையால்தான் இன்று நாம் அதிலிருந்து கற்க முடிகிறது.

எனவே அழிக்கும் கட்டளைக்கு முன் எந்த சர்வரில் இருக்கிறீர்கள் என்று அதன் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். இன்னொருவர் திரையைப் பார்த்துச் 'சரி' என்ற பிறகே எண்டரைத் தட்டுங்கள். அழிப்பதற்குப் பதில் பெயரை மாற்றி நகர்த்தி வைக்க முடியுமானால் அதையே செய்யுங்கள். நிஜச் சூழல் சர்வரின் டெர்மினல் சிவப்பு நிறத்தில் தெரியும்படி அமைத்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

வெளியே என்ன சொல்வது

செவ்-1 அறிவித்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஸ்டேட்டஸ் பக்கத்தில் முதல் தகவல் வர வேண்டும். காரணம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். இப்படி எழுதலாம்:

'14.05: சில பயனர்களுக்குப் பணம் செலுத்தும்போது பிழை வருகிறது. 13.50 முதல் இந்தச் சிக்கல் உள்ளது. உள்நுழைவதும் பழைய ரசீதுகளைப் பார்ப்பதும் வழக்கம்போல் நடக்கின்றன. சரிசெய்துகொண்டிருக்கிறோம். அடுத்த தகவல் 14.35-க்கு.'

எது வேலை செய்கிறது என்பதையும், அடுத்த தகவல் எப்போது என்பதையும் சொல்வதுதான் இதன் உயிர். 14.35-க்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லையென்றாலும் 14.35-க்கு எழுதுங்கள். எப்போது சரியாகும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஸ்டேட்டஸ் பக்கம் வேறு இடத்தில் இயங்க வேண்டும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை நான்கு மணி நேரத்துக்கும் மேல் பழுதானபோது, சேவைகளின் நிலையைக் காட்டும் அவர்களுடைய பக்கத்தின் நிர்வாகப் பகுதியே எஸ்3-ஐ நம்பியிருந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அந்தப் பக்கத்தில் சேவைகளின் நிலையை மாற்ற முடியவில்லை.

முடிந்தது என்று எப்போது சொல்வது

பிழை விகிதம் இறங்கியவுடன் அல்ல. வழக்கமான அளவுக்கு வந்து குறைந்தது 30 நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். தேங்கிப்போன க்யூக்கள் காலியாகியிருக்க வேண்டும். இடையில் அரைகுறையாக நின்ற ஆர்டர்கள், இருமுறை எடுக்கப்பட்ட தொகைகள் எவை என்று பட்டியல் எடுத்து ஒருவர் பொறுப்பில் விட்டிருக்க வேண்டும். அவசரத்தில் செய்த தற்காலிக மாற்றங்களையும் எழுதி வையுங்கள். அணைத்த ஃபிளாக், உயர்த்திய வரம்பு, நிறுத்தி வைத்த அலர்ட். மறந்துபோன தற்காலிக மாற்றம் அடுத்த இன்சிடென்ட்டுக்கு விதை.

போஸ்ட்மார்ட்டம்

நடந்ததை அலசும் இந்த அறிக்கையை நினைவு மங்குவதற்கு முன், இரண்டு மூன்று வேலை நாளுக்குள் எழுதிவிட வேண்டும். நேர வரிசையோடு தொடங்குங்கள். எல்லா நேரமும் ஒரே நேர மண்டலத்தில், முடிந்தால் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்). நான்கு நேரங்கள் கட்டாயம் வேண்டும்: பாதிப்பு தொடங்கியது, நாம் அறிந்தது, தணித்தது, முழுதாக மீண்டது. தொடங்கியதற்கும் அறிந்ததற்கும் இடையே 25 நிமிடம் என்றால் கவனிக்க வேண்டியது அலர்ட்டை. அறிந்ததற்கும் தணித்ததற்கும் இடையே இழுத்தால் ரோல்பேக்கையும் ரன்புக்கையும்.

ஆளைக் குறை சொல்லும் வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பண்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 'கவனக்குறைவு' என்று எழுதிய இடத்தில் ஆராய்ச்சி நின்றுவிடும். அடுத்த முறை தவறு செய்தவர் வாயைத் திறக்க மாட்டார். எஸ்3 சம்பவத்தில் ஒரு ஊழியர் கட்டளையில் ஓர் உள்ளீட்டைத் தவறாகத் தட்டினார்; நீக்க நினைத்ததைவிட நிறைய சர்வர்கள் நீங்கின. அவர் ஏன் தவறாகத் தட்டினார் என்பதைவிட, ஒரு தட்டலில் அத்தனை சர்வர்களையும் நீக்கக் கருவி எப்படி அனுமதித்தது என்ற கேள்விதான் பயன் தரும். அமேசான் அந்தக் கருவியை மாற்றியது: சர்வர்களை மெதுவாகவே நீக்கும், தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது.

தீர்வுகளையும் அப்படித்தான் எழுத வேண்டும். 'இனி கவனமாக இருப்போம்' என்பதை அடித்துவிடுங்கள். 'ஒரே நேரத்தில் 5 சதவீதத்துக்கு மேல் சர்வர்களை நீக்கக் கருவி மறுக்கும்' என்று எழுதி, பொறுப்பாளர் பெயரும் தேதியும் போடுங்கள். இருபது தீர்வுகளை எழுதி மூன்றைச் செய்வதைவிட மூன்றை எழுதி மூன்றையும் முடிப்பது மேல்.

எந்த அலர்ட் ஆளை எழுப்ப வேண்டும்

எப்போதும் ஓடும் சேவை என்று ஒன்று கிடையாது. எவ்வளவு பழுதைத் தாங்கலாம் என்று முன்கூட்டியே ஓர் எண்ணை ஒப்புக்கொள்ள வேண்டும். 30 நாளில் 99 சதவீதம் என்றால் 7.2 மணி நேரம் விழலாம், 99.9 என்றால் 43.2 நிமிடம், 99.99 என்றால் 4.32 நிமிடம். கடைசி எண்ணில், மனிதர் எழுந்து மடிக்கணினியைத் திறப்பதற்குள் மாதக் கணக்கு முடிந்துவிடும். தானாக மீளும் ஏற்பாடு இல்லாமல் அதை வாக்களிக்கக் கூடாது. இன்னொன்று: உங்கள் சேவை இயங்க ஐந்து சேவைகள் எல்லாமே வேண்டும், ஒவ்வொன்றும் 99.9 என்றால், உங்களுக்குக் கிடைப்பது 99.5 சதவீதம்தான். அதாவது 30 நாளில் ஏறக்குறைய 3.6 மணி நேரம் விழலாம்.

இந்த ஒதுக்கீடு, அதாவது தாங்கலாம் என்று ஒப்புக்கொண்ட பழுதின் அளவு, எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதை வைத்தே அலர்ட்டை அமையுங்கள். இலக்கு 99.9 என்றால் அனுமதித்த பிழை 0.1 சதவீதம். ஒரு மணி நேரம் அதன் 14.4 மடங்கு, அதாவது 1.44 சதவீதம் பிழை இருந்தால் மாத ஒதுக்கீட்டில் 2 சதவீதம் போய்விடும், இதற்கு எழுப்பலாம். மெதுவாகக் கரைவதற்கு ஒரு டிக்கெட் (பிறகு பார்க்க வேண்டிய வேலைக்கான குறிப்பு) போதும். சிபியு 80 சதவீதம் என்பதற்காக யாரையும் எழுப்பாதீர்கள். பயனருக்குப் பதில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தால் அது சிக்கலே அல்ல. டிஸ்க்கிலும் எத்தனை சதவீதம் என்பதைவிட, இந்த வேகத்தில் எத்தனை மணி நேரத்தில் நிரம்பும் என்பதுதான் தேவை.

அலர்ட் அடித்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றால் அந்த அலர்ட்டை நீக்குங்கள். யாரும் பார்க்காத எச்சரிக்கை எச்சரிக்கை அல்ல. நைட் கேப்பிடலில் அன்று சந்தை திறப்பதற்கு முன்பே பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவை அலர்ட்டாக வடிவமைக்கப்படாததால் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

பழுதைக் குறைக்கும் வழக்கங்கள்

டெப்ளாயைச் சிறிதாக்கி, படிப்படியாக விடுங்கள்: 1 சதவீதம், பத்து நிமிடக் காத்திருப்பு, 10, 50, பிறகு 100. கோடுக்கு மட்டுமல்ல, கான்ஃபிக்குக்கும் தரவுக் கோப்புகளுக்கும் இதே விதி. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய பழுதான உள்ளடக்கக் கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்திருந்தன, ஏராளமானவற்றை ஆள் நேரில் போய்க் கையால் சரிசெய்ய வேண்டியதாயிற்று. கோடுக்கு இருந்த படிப்படியான கட்டுப்பாடு அந்த வகைக் கோப்புக்கு அப்போது இல்லை.

சான்றிதழ் காலாவதிக்கு 30 நாள், 14 நாள், 7 நாள் முன்பு அலர்ட் வையுங்கள், தானாகப் புதுப்பித்தாலும் வையுங்கள். புதிய சான்றிதழ் டிஸ்க்கில் வந்தும் சர்வர் பழையதையே நினைவில் வைத்திருப்பது அடிக்கடி நடப்பது. எல்லா வெளி அழைப்புகளுக்கும் டைம்அவுட் (பதிலுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பு) வையுங்கள். சில மென்பொருள் நூலகங்களில் இயல்பாக டைம்அவுட்டே கிடையாது.

பேக்கப் விஷயத்தில் ஒன்றே ஒன்று. மாதம் ஒருமுறை கடைசி பேக்கப்பைப் புதிய, காலியான ஒரு சர்வரில் மீட்டெடுங்கள். ஐந்தாறு முக்கிய அட்டவணைகளின் வரிசை எண்ணிக்கையை நிஜ டேட்டாபேஸோடு ஒப்பிடுங்கள், மிகச் சமீபத்திய பதிவு எந்த நேரத்தது என்று பாருங்கள், அப்ளிகேஷனை அதோடு இணைத்து ஒரு பயனராக உள்ளே போய்ப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை எத்தனை நிமிடம் ஆனது என்பதை ரன்புக்கின் முதல் பக்கத்தில், தேதியோடு, செய்தவர் பெயரோடு எழுதி வையுங்கள்.